அரக்கோணம் போய்விட்டு வந்தேன், சுகுணா

என் கண்ணே சுகுணா,

நேற்று அரக்கோணம் போய்விட்டு வந்தேன். சலீம் பாய் வீட்டுக்குத்தான். நீ உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை கூப்பிட்டாய், நான் வரவில்லை. நீ போய் நாற்பது நாள் ஆனபிறகு போயிருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைப் பேராசிரியராகத் தெரியும். மதச் சண்டை நடந்த ஊர்களுக்குப் போய் இரண்டு பக்கத்தையும் பேச வைத்தவள், அதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவள். அந்தப் படிப்புக்கு நீ ஏன் போனாய் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருடம் நடித்தேன்.

அப்போது உனக்குப் பதினாறு வயது. திருத்தணியில் நம் தெருமுனைக் கம்பத்தில் கோயில் கொடியா, பள்ளிவாசல் கொடியா, எதை முதலில் கட்டுவது என்று ஒரு சாயங்காலம் தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பானது. உன் அண்ணன் முரளி இரும்புக் கம்பியால் அடித்ததில் எதிர்வீட்டு மெக்கானிக் சலீம் பாயின் மகன் அன்வருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மறுநாள் போலீஸ் வந்து கேட்டபோது, "என் பையன் சாயங்காலம் பூரா தறியிலதாங்க இருந்தான்" என்றேன். நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். ரத்தம் தெறித்த அண்ணன் சட்டையை ஊறவைத்தவளே நீதான். உன்னை யாரும் கேட்கவில்லை. நீயும் வாய் திறக்கவில்லை.

வழக்கு நிற்கவில்லை. அன்வர் பொய் சொல்கிறான் என்று தெருவே பேசியது. ஸ்பானர் பிடிக்க முடியாத மகனைக் கூட்டிக்கொண்டு சலீம் பாய் அரக்கோணம் போய்விட்டார்.

நீ என்னோடு பேசுவது அதற்கப்புறம் குறைந்துபோனது. இன்ஜினியரிங் சேரச் சொன்னேன், வரலாறு எடுத்தாய். பிறகு சமாதானத்தைப் பற்றியே ஒரு படிப்பு இருக்கிறது என்றாய். "அத படிச்சா இன்னாம்மா வேல கெடைக்கும்?" என்று கேட்டேன்.

டாக்டர் பட்டத்துக்காக ஒரு கிராமத்தில் இரண்டு வருடம் தங்கினாய். குளத்துத் தண்ணீருக்காகக் கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்ட ஊர். நீ கூட்டம் போடவில்லை, அறிவுரை சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் அவர்கள் சொன்னதை எழுதி, அவர்கள் சம்மதத்தோடு அடுத்த தெருவில் படித்துக் காட்டினாய். ஒன்றரை வருடம் கழித்துக் கோயில் தெருப் பெண் ஒருத்தி தானாகவே போய் எதிர்த்தெருக் கதவைத் தட்டினாள் என்று சொல்லும்போது உன் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் கேட்டாய். "நைனா, ஊர் ஊரா போயி எல்லாரையும் பேச வெக்கிறேன். நம்ம ஊட்ல ஆரம்பிக்க எனக்குத் தெகிரியம் வரல. ஒரு வாட்டி அரக்கோணம் வரியா?"

"ஆங், பாக்கலாம்மா. தறியில வேல கெடக்குது" என்று எழுந்துபோனேன்.

கடைசி மூன்று மாதம் சென்னை ஆஸ்பத்திரியில், அம்மா இல்லாத குறைக்கு நான்தான் உன் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன், கொட்டிப்போன முடியை உனக்குத் தெரியாமல் சுருட்டி எடுத்துப் போட்டேன். நீ மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேனா? மறுத்துவிடுவேன், அந்த மறுப்பைச் சுமந்துகொண்டு இந்தக் கிழவன் மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்கும் என்று எனக்காகத்தான் கேட்காமல் விட்டாயா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் மாணவி ஒருத்தி வந்தாள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நீ என்ன சொல்வாய் என்று சொன்னாள். பதினாறு வயதில் கண்ணால் பார்த்ததை நீ சொல்லாமல் விட்டாயாம். அதனால் உண்மை பேசிய ஒருவர் பொய்யர் என்று பேர் வாங்கினாராம். உன் படிப்பு அங்கேதான் தொடங்கியதாம். அதில் அப்பன் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழி முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பெண் முன்னால் என்னால் நிமிர முடியவில்லை.

அதற்குப் பிறகும் கிளம்ப எனக்கு இருபத்துநான்கு நாள் பிடித்தது.

அன்வர் செல்போன் கடை வைத்திருக்கிறான். எல்லாம் இடது கைதான். சலீம் பாய்க்குப் பார்வை மங்கிவிட்டது. என் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன்: "அன்னிக்கி என் பையன் தறியில இல்ல பாய். நான் சொன்னது பொய்."

"தெரியும்ங்க" என்றார். "காலேஜ் சேர்ந்த வருஷமே உங்க பொண்ணு இங்க வந்து எல்லாத்தையும் சொல்லிடுச்சு. கேஸ மறுபடி எடுங்க, கோர்ட்ல சாட்சி சொல்றேன்னு நின்னுச்சு. பெத்தவர எதுத்து நீ நிக்க வேணாம்மான்னு நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் வருஷா வருஷம் ரம்ஜானுக்கு வந்துகினு இருந்துச்சு."

என் மானத்தைக் காப்பாற்றியவர் அவர். அது தெரிந்தும் நீ என்னிடம் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் கண்ணு. நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

அன்வரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னான்: "கை போனது போயிடுச்சுங்க. இருபத்தஞ்சு வருஷமா அந்தத் தெருவுல நான் பொய்யன். என்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க. அங்க சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து முரளியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் கை கழுவினான். "செத்தவளுக்காக, இருக்கறவன தெருவுல நிக்க வெக்கப் போறியா நைனா?" என்றான். அதோடு பேச்சு இல்லை. அவனும் என் பிள்ளைதானே சுகுணா? ஊர்களையெல்லாம் பேச வைத்தவளே, ஓர் அப்பனும் மகனும் எங்கிருந்து தொடங்குவது? உன் புத்தகங்களைப் புரட்டினேன். அச்சில் உன் பேரைப் பார்த்ததும் மேலே படிக்க முடியவில்லை.

வரும் ஞாயிறு காலை அன்வர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நம் தெருவுக்கு வருகிறான். அந்த நாளில் அங்கே இருந்தவர்களில் மிச்சமுள்ளவர்களை நானே வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டேன். அன்வர் சொன்னதுதான் உண்மை, நான் சொன்னது பொய் என்று அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். முரளி வந்து நின்றாலும் சரி, வராவிட்டாலும் சரி. குரல் உடைந்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ கூப்பிட்டபோது வராத,
உன் நைனா