இத்தாவுக்கு மேல் பதின்மூன்று நாள்

786

கல்மண்டபம்,
ஆகஸ்ட் 20.

அன்பு மகள் மஹீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணன் யாசினும் நலம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். வேறு வழி வைத்தாயா நீ? போன் அடித்தால் எடுப்பதில்லை. குரல் பதிவு அனுப்பினால், கேட்டுவிட்டாய் என்று நீலக் குறி காட்டுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அண்ணனுக்கு வாரம் ஒரு தடவை 'நல்லா இருக்கேன்' என்று எழுதுகிறாய். அதை அவன் என்னிடம் காட்டுவான். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. காகிதம் என்றால் உனக்குக் கிழித்துப் போட மனசு வராது. சின்ன வயதில் எழுத்து இருக்கிற துண்டுக் காகிதத்தைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிற பிள்ளை நீ. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அத்தா மவுத்தாகி இன்று நூறாவது நாள். புருஷனுக்காக வாசல் தாண்டாமல் இருக்கிற இத்தா முடிய, பிறைக் கணக்குப்படி இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

அத்தா கடையை யாசின் பார்த்துக்கொள்கிறான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டதால் கயிறும் மிதவையும் நன்றாகப் போகிறது. காலையில் போனால் ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகுதான் வருகிறான். அதுவரை வீட்டில் நானும் மின்விசிறியும்தான். ஜன்னலுக்குத் திரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிப்பதை வைத்தே மணி சொல்லிவிடுவேன். காசிமேட்டுப் பக்கமிருந்து வருகிற வாடையை வைத்து அன்றைக்கு என்ன மீன் என்றுகூடச் சொல்வேன், நம்பினால் நம்பு. பல் வலி ஒரு வாரம் படுத்தி எடுத்தது, கிராம்பு வைத்துச் சமாளித்தேன். மற்றபடி பேச்சுத் துணை இல்லை மஹீன். ரொம்பத் தனியாக இருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மேல் வீட்டு ஃப்ளோரா அக்கா மட்டும் தினமும் இறங்கி வருகிறார். துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்த இங்கிலீஷ் இப்போது சும்மா கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டே இருப்பாரே, அவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய ஆராய்ச்சியை அத்தா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார். அதில் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். போட்டுக்காரர் செல்வநாதன் ஒரு நாள், 'வெள்ளக்காரன் நம்ம கதையப் படிச்ச காலம் போயி, பாய் பொண்ணு அவன் கதையப் படிக்குதா? அதுவும் எழுநூறு வருசத்துக்கு முந்தி நடந்தத!' என்று கிண்டல் செய்தாராம். அன்று முழுக்க அத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஃபைலை எடுத்துத்தான் ஃப்ளோரா அக்காவிடம் கொடுத்து, படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

மூன்று வருஷமாக நீ இடைக்கால இங்கிலாந்து என்று சொல்லும்போதெல்லாம் ராஜா, கோட்டை, குதிரை என்றுதான் நினைத்திருந்தேன். சர்ச்சை ஒட்டின சின்ன அறைக்குள் தாமாகவே அடைபட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி நீ எழுதுகிறாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. பிஷப் வந்து, மையத்துக்கு ஓதுவதை உயிரோடு இருக்கிறவளுக்கு ஓதிக் கதவை அடைத்துவிடுவாராம். அப்புறம் சாகிற வரைக்கும் அதே அறைதானாம். வேண்டுமானால் ஒரு பூனை வைத்துக்கொள்ளலாமாம். இதைப் படித்த ஃப்ளோரா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, 'இன்னாடி ஷரீஃபா, உன்ன மாரியே அங்கயும் ஒருத்தி குந்திகினு இருந்துகீறா. உன்னியாவது நாலு மாசத்துல வுட்ருவாங்கோ, அவளுக்கு ஜென்மத்துக்கும் அதான் வூடு' என்றார். இந்த நூறு நாளில் அன்று ஒரு நாள்தான் சிரித்தேன். சிரித்துவிட்டோமே என்று அப்புறம் அழுகை வந்தது.

அந்தப் பெண்களைவிட அவர்களுக்கு வெளி வேலை செய்த வேலைக்காரிகளைப் பற்றித்தான் நீ நிறைய எழுதியிருக்கிறாய். சோறு கொண்டுவந்து கொடுத்தது, அழுக்கை எடுத்துப் போனது, ஊர்ச் செய்தி சொன்னது எல்லாம் அவர்கள்தான். ஆனால் ஒருத்தி பெயரைக்கூட யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லையாம். எங்கோ ஒரு பழைய உயிலில் 'அவளுடைய வேலைக்காரிக்கு ஒரு போர்வை' என்று ஒரு வரி கிடைத்ததும், அதை வைத்து நாலு பக்கம் எழுதிவிட்டாய். அவள் இளையவளா, கிழவியா, குளிரில் எவ்வளவு தூரம் நடந்தாள், உள்ளே இருந்தவளிடம் அவளுக்குக் கோபமே வந்திருக்காதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாய். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். உள்ளே இருந்தவள் அழுதால் வெளியே இருந்தவளுக்குக் கேட்டிருக்குமா? அதை நீ எழுதவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. எழுநூறு வருஷத்துக்கு முந்தின வேலைக்காரியின் பக்கம் என்ன நியாயம் என்று கேட்கிறவள், பெற்றவளுக்குக் காது கொடுக்க மாட்டாளா?

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை ஃபஜ்ருக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மதியம் லுஹர் நேரத்தில் நீ அங்கே ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டு, 'டிக்கெட் கிடைச்சிருச்சும்மா, நாளைக்குக் காலைல வந்துருவேன், ஒரே ஒரு நாள் வைங்கம்மா' என்று கெஞ்சினாய். ஜமாஅத்தில் யாரும் மறுக்கவில்லை. 'பொண்ணு வருதுன்னா வைக்கலாம்மா, ஒரு ராத்திரிதானே' என்று இமாமே சொன்னார். யாசின் குளிர்பெட்டிக்குப் போன் போட்டுவிட்டான். நான்தான் முடியாது என்றேன். மையத்தைக் காக்க வைக்கக் கூடாது, இன்றைக்குச் சாயங்காலம் அஸருக்கே எடுத்துவிடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றேன். மார்க்கத்தைச் சொல்லிப் பேசுகிற விதவையிடம் யார் வாதாடுவார்கள்? நீ விமானம் ஏறாமல் அப்படியே திரும்பிப் போனது அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான்தான் மறுத்தேன் என்று அண்ணன் உன்னிடம் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவனுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மார்க்கம் எல்லாம் என் வாயில்தான் இருந்தது. மனசில் இருந்தது பயம். முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார எனக்குத் தெம்பு இல்லை. எடுத்துவிட்டால் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். தாங்கவும் இல்லை. என் பயத்துக்காக, நீ உன் அத்தா முகத்தைக் கடைசியாகப் பார்க்க இருந்ததைக் கெடுத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான் மஹீன். அண்ணன் மேலும் ஜமாஅத் மேலும் வருத்தம் வைக்காதே.

தடைக்காலம் என்பதால் போட்டுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம், தோள் மாற்றி மாற்றித் தூக்கிப் போனார்கள் என்று யாசின் சொன்னான். நம் தெருவில் பெண்கள் கபரஸ்தானுக்குப் போவதில்லை. அதனால் அத்தாவை மண்ணில் வைத்ததை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

செப்டம்பர் பதினேழாம் தேதி இத்தா முடிகிறது. அன்று என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாக யாசின் சொல்கிறான். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சியை அதே மாதம் முப்பதாம் தேதி நீ ஒப்படைக்க வேண்டும் என்று அத்தா ஃபைலின் மேல் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அதுவரை நான் இந்த வாசலைத் தாண்டப் போவதில்லை. யாசினுக்கு ஒரே பேஜாரு. 'இத்தா முடிஞ்சா முடிஞ்சதுதாம்மா. அதுக்கு மேல குந்திகினு இருந்தா அதுக்கு மார்க்கத்துல பேரே இல்ல' என்கிறான். சரியாகத்தான் சொல்கிறான். நாலு மாதம் பத்து நாள் உன் அத்தாவுக்கு. அதற்கு மேல் பதின்மூன்று நாள் உனக்கு.

அதற்காகப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே. முழுசாக முடி. அந்த வேலைக்காரிகளுக்கு ஒரு குறையும் வைக்காமல் எழுது. அப்புறம் வா. கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே வா. வந்து என்னை நாலு வார்த்தை திட்டினாலும் அது உன் குரல்தானே.

அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத் செய்வானாக, அந்நிய ஊரில் உன்னைத் தனியாக விடாதிருப்பானாக. ஆமீன். அன்றைக்கு உனக்காக ஒரு நாள் பொறுக்கவில்லை. இப்போது நீ வருகிற வரைக்கும் பொறுத்திருக்கிறேன் மகளே.

துஆவுடன்,
உன் அம்மா
ஷரீஃபுன்னிசா