பாதத்தால் கேட்கிறவர்

லாஸ்தொவோ,
11 பிப்ரவரி 1984

அன்புள்ள லோவ்ரே அண்ணா,

அப்பா தூங்கியபிறகு எழுதுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதே, பள்ளிக்கூடத்துக்குப் போடு.

நீ ரியேகாவிலிருந்து அனுப்புகிறேன் என்ற மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினை அப்பா வேண்டாம் என்றதில் உனக்கு வருத்தம். படகுத்துறையில் பக்கத்துப் படகுக்காரர் பாஷ்கோ மாமாவும் கேலி செய்தார்: "மகன் கார் குடுக்கறான், இவனுக்குக் கழுதைதான் வேணுமாம்!" அப்பா சும்மா சிரித்தார். அவருக்குக் கேட்டிருக்காது அண்ணா.

போன ஞாயிறு நானும் கடலுக்குப் போனேன். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் புகையோடு சேர்ந்து பின்குழாயில் கொட்டுமே, அது நின்றுபோனது. சளசளப்பு போய், காலி டின்னைத் தட்டுகிற சத்தம். இரண்டடி தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பா திரும்பவில்லை. "அப்பா!" என்று கத்தினேன். பலகையை உதைத்தபிறகுதான் பார்த்தார். தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசி அடைத்திருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. உங்கம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். இப்போது மீறுகிறேன்.

இந்தக் குளிரிலும் அவர் வெறுங்காலோடு எஞ்சின் மூடிமேல் நிற்கிறார். நம் பழைய எஞ்சினின் ஒற்றைச் சிலிண்டர் அடிப்பது பாதத்தில் தெரிகிறது. நீ அனுப்புவது தையல் மிஷின்போல ஓடும், அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் தண்ணீர் நிற்பது பாதத்துக்கும் தெரியாதே. மற்ற நாட்களில் அவர் தனியாகப் போகிறார். நடுக்கடலில் எஞ்சின் இறுகிப்போய், வடகிழக்கிலிருந்து போரா புயல்காற்றும் கிளம்பினால்? சூடேறினால் எரிகிற சிவப்பு விளக்கு இருக்கிறதாமே, அனுப்புவாயா?

உன் வின்கா

ரியேகா,
20 பிப்ரவரி

வின்காக் குட்டி,

அழாதே. புது எஞ்சின் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் தண்ணீர் வடிகட்டியைக் கழுவு. பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ் ஒடிந்திருக்கிறதா பார். எண்ணெய் தண்ணீர் கலந்து பால்போல வெளுத்திருந்தால் அப்பாவை எஞ்சினைத் தொடவே விடாதே.

விளக்கு எரியும்போது அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அது போதாது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லோவ்ரே

லாஸ்தொவோ,
9 மார்ச்

அண்ணா,

துறைமுக அலுவலகத்துக்கு எழுதிவிட்டாயே.

அதிகாரி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "உன் பேர் என்ன?" என்று மூன்று தடவை கேட்டாராம். அப்பா ஜன்னல் வழியே படகையே பார்த்துக்கொண்டிருந்தாராம். படகு ஓட்டும் உரிமம் போய்விட்டது.

பாஷ்கோ மாமாதான் காட்டிக்கொடுத்தார் என்று அப்பா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். "நான் ஏண்டா சொல்லப்போறேன், மடையா!" என்று மாமா நம் வாசலில் நின்று கத்தினார். அப்பாவுக்கு அதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

நீ அவரைக் கரையில் உட்காரவைக்க நினைத்தாய். இப்போது அவர் இருட்டியபிறகு, யாரும் பார்க்காமல், விளக்குப் போடாமல் போகிறார். முன்பாவது ஏதாவது ஆனால் மற்ற படகுகள் பார்த்திருக்கும்.

நேற்று அவரை நிறுத்தி, வாய் தெரியும்படி, மெதுவாகச் சொன்னேன்: "பாஷ்கோ மாமா இல்லப்பா. நான்தான்." அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. "அப்ப எஞ்சின் சத்தத்த நீயே வந்து கேளு" என்றார்.

இன்று காற்று வடகிழக்கு. கீழே டீசல் ஊற்றுகிறார். நான் பின்குழாய் பக்கத்தில் உட்காரவேண்டும். இந்தத் தடவை யாருக்கும் எழுதாதே, அண்ணா. பூட்ஸைத் தேடவேண்டும், போகிறேன்.

வின்கா