நல்ல தண்ணீரில் கழுவிய கை

அன்புள்ள நைனாவுக்கு முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

அத்திப்பட்டு மின் நிலையத்தில், கடல்நீர் வரும் வலையில் சிக்கும் கூழ் போன்ற ஜெல்லி உயிர்களை அள்ளுகிறேன். வானவில்லாக மின்னும் சீப்பு ஜெல்லி கொட்டாது. அந்தத் தைரியத்தில், செத்துக் கிடந்த, கொட்டும் ஜெல்லியான சொறிமீனையும் வெறுங்கையால் எடுத்துவிட்டேன். செத்தாலும் அது கொட்டுமாம். நம் பம்புசெட்டுப் பழக்கத்தில் குழாயடிக்கு ஓடிக் கையைக் கழுவினேன்.

“நல்ல தண்ணி ஊத்தாதடா, ஒட்டிக்கினு கீற விஷ முள்ளெல்லாம் வெடிக்கும்! கடல் தண்ணில கழுவு!” என்று கூட வேலை செய்யும் சாம்சன் கத்தினான். இப்போது பரவாயில்லை.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. ஷிப்டுக்கு நேரமாகிறது.

முனிரத்தினம்

ஐயா, அவன் சொல்லச் சொல்ல எழுதினது நான், சாம்சன். முழங்கை வரைக்கும் வீங்கிக்கீது, பேனா புடிக்க முடில. புடவைய நீங்களே எடுத்துக்கினு வாங்க.