எந்தப் பாட்டானாலும் சரி

9-6-69, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடையில் இரண்டு கம்பி போயிற்று. வீடு இருக்கும் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து ரேடியோ நிலையம் வரை மேடு. போய்ச் சேர்ந்தபோது புடவை முழங்கால்வரை ஈரம்.

பலகையில் புது ஆணை. வரும் 16 முதல், திங்கள் வியாழன் தமிழ் அரைமணி நேரம் முழுக்க, கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வரும் டேப். நேயர் கடிதம் நிறுத்தம். அறிவிப்பாளர் தொடக்க அறிவிப்பும் முடிவு அறிவிப்பும் மட்டும் தருவார்.

அறிவிப்பாளர் என்றால் நான்தான். நிரந்தர வேலை இல்லை, மாதத்துக்கு மாதம் புக்கிங்.

சுந்தரேசன் சாரிடம் (இனி சு. சார், நிகழ்ச்சி அதிகாரி, மதராஸிலிருந்து வந்து நான்கு மாதம்) ஏன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார். “தரம் வேணும்மா. ஊர் பேரும் ஆள் பேரும் வாசிக்கறதுக்கு இது போஸ்ட் ஆபீஸ் இல்ல.” கோபமாகச் சொல்லவில்லை.

நிகழ்ச்சி இதுவரை மாறிய விதம், ஞாபகத்துக்காக:

முதலில் பத்து நிமிடம். கப்பல் எப்போது வரும், ஒரு பாட்டு. ஆபீஸ் கிளார்க் ஒருவர் வேலை முடிந்து வந்து வாசிப்பார். நான் அப்போது பள்ளியில்.

பிறகு விவசாயப் பேச்சு சேர்ந்தது. யாரும் கேட்கவில்லை என்று அப்பா சொல்வார்.

பிறகு விருப்பப் பாடல். இதைத்தான் ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். தபால் படகு ஓடும் நாளில்தான் கடிதம் போகும், கடல் கெட்டால் அதுவும் இல்லை. ஆனால் படகில் ஒரு நாள் தூரத்து ரங்கத் கடைத்தெருவில் கூட்டுறவுக் கடை ரேடியோ இருக்கிறது. ஆகவே பாட்டுக் கேட்கிற சாக்கில் கார்டில் சேதி எழுத ஆரம்பித்தார்கள். “தம்பி அறிய, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. எந்தப் பாட்டானாலும் சரி.” எல்லாக் கார்டும் இப்படித்தான் முடியும். எங்களிடம் கீறல் விழாத தமிழ் இசைத்தட்டு எத்தனை என்று அவர்களுக்கும் தெரியும்.

நான் வந்து இரண்டு வருடம். பாட்டைக் குறைத்தேன், சேதியைக் கூட்டினேன். யாரும் தடுக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதே சரி.

10-6, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே, “நல்லதாப் போச்சு. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்கு வந்திரலாம்லா. ஒனக்கென்னட்டி கொறஞ்சு போச்சு?” என்றாள். அப்பா ஒர்க்‌ஷாப் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் பி.ஏ. சான்றிதழை ரசகற்பூரம் போட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர் அவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

எனக்கென்ன குறைந்து போயிற்று? பாளையங்கோட்டை ஹாஸ்டலில் மூன்று வருடம், இன்னொரு கரண்டி சோறு வேண்டும் என்று கேட்காமல் பசியோடு எழுந்தவள் நான். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் முகம் பார்க்காத ஒலிபரப்பு அறையில்தான் எனக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

வாங்க வேண்டியது: குடைக் கம்பி, சீயக்காய், நீல மசி.

12-6, வியாழன்

கடைசிக் கடித நிகழ்ச்சி. கடைசி என்று சொல்லக் கூடாது என்று உத்தரவு. வண்டூர்க்காரர் ஒருவர் கச்சால் தீவில் இருக்கும் அண்ணனுக்கு: வலை வந்துவிட்டது. ஒரு கல்யாணம், ஒரு பேறுகாலம், தொலைந்த ஆடு ஒன்று. எல்லாம் வாசித்தேன். கடைசியில் வணக்கத்தை இரண்டு முறை சொன்னேன். டெக்னீஷியன் அப்பாராவ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்குச் சிந்துவது போல நடித்துக் கேலி செய்தார். சிரித்துவிட்டேன். நல்லவேளை, மைக் மூடியிருந்தது.

14-6, சனி

சனிதோறும் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளின் சேதிக் கார்டு வாங்கப் போவேன். இனி வேலையில்லை. கால் தானாகப் போயிற்று.

வேலாயுதம் என்பவர், ரங்கத் குடியேற்றக்காரர், பூர்விகம் ராமநாதபுரம் பக்கம். மரம் உருண்டு கால் நசுங்கி வந்தவர். காலை எடுத்துவிடுவார்கள் என்று முந்தைய படகில் ரங்கத் போனவர்கள் அங்கே சொல்லிவிட்டார்கள். மனைவி அஞ்சலை சொல்லியனுப்பிய பதில் அதற்கடுத்த படகில் வந்தது: ஏர் பிடிக்க ஆள் இல்லாமல் எருமை ஜோடி எதற்கு, பக்கத்து நிலத்துக்காரர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடுகிறேன்.

இன்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை எடுக்க வேண்டாம். ஒன்றரை மாதத்தில் நடக்கலாம்.

படகு இல்லை. கடல் கெட்டுப் படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது.

“எருமைய விக்காதன்னு மட்டும் சொல்லிருங்க தங்கச்சி. அது போச்சுன்னா நெலமும் போன மாதிரிதான். எந்தப் பாட்டானாலும் சரி.”

கடித நிகழ்ச்சி நின்றுபோன விஷயத்தைச் சொன்னேன். அவர் கார்டை நீட்டியபடியே இருந்தார். வாங்கிக்கொண்டேன்.

16-6, திங்கள்

முதல் டேப். மே மாதம் பதிவு செய்தது போலிருக்கிறது. நல்ல குரல், நல்ல வீணை. பிறகு ஒரு மருத்துவர்: அக்கினி நட்சத்திரம், உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள், மோர் நிறையக் குடியுங்கள். வெளியே ஓடு பிய்கிற மாதிரி மழை. அப்பாராவுக்குத் தமிழ் அரைகுறை, தெலுங்குக்காரர். ‘வெயில்’ மட்டும் புரிந்து, ஜன்னலைக் காட்டி, எங்கே அது என்று இந்தியில், “கஹாங் ஹை வெயில்?” என்றார்.

டேப் இரண்டு நிமிடம் முன்னதாக முடியும் என்று முன்பே தெரியும். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு கார்டு வாசிக்கட்டுமா என்று சு. சாரிடம் கேட்டேன். கேட்டேவிட்டேன். நோயாளி விஷயம் என்றும் சொன்னேன்.

வாத்திய இசை போடுங்கள் என்றார். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் நூறு வரும் என்றார். அதுவும் உண்மைதான்.

வாத்திய இசை இரண்டு நிமிடம். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார்டு மடியில்.

வீட்டில் அம்மா: “மோரு குடிக்கச் சொல்லுதாவ, இந்த ஊர்ல மோரு எங்கட்டி இருக்கு? மாட்டையும் டேப்புல அனுப்புவாவளோ?”

சிரிக்க முடியவில்லை.

17-6, செவ்வாய்

வேலாயுதம் சேதியை ரங்கத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போலீஸ் ஒயர்லெஸ் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறை போலீஸ் கட்டடம். சர்க்கார் விஷயம் மட்டும்தான் அனுப்புவார்களாம். எருமை சர்க்கார் விஷயம் இல்லையாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முகம் எரிந்தது. ஆனால் ஒன்று: ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தேன்.

படகு கட்டும் ஜெட்டியில் விசாரித்தேன். படகு எப்போது? “மௌசம் கேட்டுச் சொல்றேன்” என்று வானத்தை நோக்கிக் கை காட்டினான் ஒருவன்.

18-6, புதன்

தலைவலி. மழை. குடைக் கம்பி மாற்றினேன்.

மெயின்லாண்டு கப்பலும் தாமதமாம். இரண்டாவது டேப் அதில்தான் இருக்கிறது. இங்கே அரிசி, வெங்காயம், தபால் எல்லாம் கப்பலைப் பார்த்துத்தான் நடக்கிறது. நான்கு மாதம் இருந்தும் சு. சாருக்கு இது தோன்றவில்லை. கப்பலை நம்பி வாரம் இரண்டு நிகழ்ச்சி.

19-6, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலரைக்குப் போனேன். கப்பல் வரவில்லை. சு. சார் அதே டேப்பை மறுபடி போடச் சொன்னார். வெயில், மோர், எல்லாம்.

ஐந்தரை. சிவப்பு விளக்கு. நிலையத்தின் பெயர் சொன்னேன். நேரம் சொன்னேன். “இப்போது நீங்கள் கேட்கவிருப்பது” என்று ஆணையில் உள்ளபடி ஆரம்பித்தேன். நிறுத்தினேன். பையிலிருந்து கார்டை எடுத்தேன்.

“ரங்கத் கடைத்தெருவில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வேலாயுதம் மனைவி அஞ்சலைக்குத் தெரிவியுங்கள். வேலாயுதத்தின் காலை எடுக்கவில்லை. எடுக்கப் போவதும் இல்லை. ஒன்றரை மாதத்தில் நடப்பார். எருமைகளை விற்க வேண்டாம் என்கிறார்.”

மறுமுறை வாசித்தேன். மூன்றாம் முறையும்.

பிறகு பையில் இருந்த மற்றக் கார்டுகள். ஒரு வாரமாகச் சேர்ந்தவை. நிறுத்தியது தெரியாமல் ஜனங்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மூன்றாவது கார்டில் சு. சார் டெக்னீஷியன் அறைக்கு ஓடி வந்தார். கண்ணாடி வழியே வாய் அசைவது தெரிந்தது. அப்பாராவ் அதுவரை டேப்பைச் சக்கரத்தில் மாட்டவே இல்லை. இப்போது மாட்டினார். கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். கதவு சரியாக மூடவில்லை, கேட்டது:

“ஏக் மினிட், சாப். டேப் கீலா ஹை.”

டேப் நனைந்திருக்கிறதாம். அலமாரிக்குள் இருந்த டேப்.

பதினொரு கார்டு வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும் முழுதாக. பிறகு நானே கை காட்டினேன், டேப் ஓடிற்று.

வெளியே வந்ததும் சு. சார் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் செருப்பைத்தான் பார்ப்பேன்.

20-6, வெள்ளி

மெமோ. மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

அப்பா அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தப்பு செஞ்சியா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப அப்படியே எழுதிக் குடு.” சோறு போடச் சொன்னார்.

அம்மா மட்டும் அழுதாள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று. ஆனால் ஜெட்டிக் குழாயடி ரேடியோவுக்கு முன்னால் நேற்று அவளே எல்லாரையும் அதட்டினாளாம், “சத்தம் போடாதீங்க, எம்மவ வாசிக்கா” என்று. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

21-6, சனி

விளக்கம் எழுதினேன். நான்கு முறை கிழித்தேன். முதல் மூன்றிலும் ‘தயவுகூர்ந்து மன்னிக்க’ வந்துவிட்டது. கை தானாக எழுதுகிறது. கடைசிப் பிரதி:

“19-ஆம் தேதி கார்டுகளை வாசித்தது நான். தவறுதலாக அல்ல. டெக்னீஷியனுக்கு இதில் தொடர்பு இல்லை. இது தபால் நிலையம் அல்ல என்று சொன்னீர்கள். படகு ஓடாத நாளில் இந்தத் தீவுகளில் வேறு தபால் நிலையம் இல்லை. கடிதப் பகுதியைத் திரும்பத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

ஒரு பிரதி எனக்கு. மசி கையெல்லாம்.

23-6, திங்கள்

விளக்கத்தை வாங்கிக்கொண்டு இன்று மட்டும் என்னை வெளியே இருக்கச் சொன்ன சு. சார், தானே அறிவிப்புச் செய்து பழைய டேப்பைப் போட்டார். மூன்றாம் முறையாக மோர். குழாயடியில் ஒருத்தி அவர் குரலில் பேசிக் காட்டினாள். அவரை நினைக்கச் சற்றே பாவமாக இருந்தது. சற்றே.

ஜூலை புக்கிங் பட்டியலில் என் பெயர் இல்லை. ஜூனில் ஏற்கெனவே கையெழுத்தான 26, 30 மட்டும் பாக்கி.

25-6, புதன்

மழை விட்டது. ரங்கத் படகு வந்தது. மெயின்லாண்டு கப்பலும் வந்தது. ஒரே நாளில் எல்லாம்.

அப்பாராவ் படகுத் தபாலிலிருந்து என் பெயருக்கு வந்த கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம். “கோயி பாத் நஹி”, பரவாயில்லை, என்றார்.

கார்டு அஞ்சலைக்காக யாரோ எழுதியது:

“சேதி கேட்டோம். மூன்று தரம் சொன்னதால் முழுசும் கேட்டது. ஒரு எருமையை முந்தின நாள் புதன்கிழமை கொடுத்தாகிவிட்டது. பணம் திரும்பத் தருகிறேன் என்றாலும் தர மாட்டேன் என்கிறார். இன்னொன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். அவரைப் பத்திரமாக வரச் சொல்லவும். எந்தப் பாட்டானாலும் சரி.”

புதன்கிழமை.

திங்கட்கிழமை இரண்டு நிமிடம் இருந்தது. வாத்திய இசை போட்டேன்.

ஒற்றை எருமையை வைத்து எப்படி உழுவாள்?

சாயங்காலம் வார்டுக்குப் போய் வேலாயுதத்திடம் கார்டைப் படித்துக் காட்டினேன். திங்களன்று நான் வாய் திறக்காததையும் சொன்னேன். கார்டை வாங்கித் தலையணைக்கடியில் வைத்தார். பிறகு, “ஒண்ணு இருக்குல்ல” என்றார். தலைமாட்டிலிருந்து இன்னொரு கார்டை எடுத்துக் கொடுத்தார். எருமையுள்ளவர் யாராவது ஜோடி சேர்த்து ஏர் மாற்றிக்கொள்வார்களா என்று ரங்கத்தில் கேட்கச் சொல்லி.

26-6, வியாழன்

வெயில். இத்தனை நாளுக்குப் பிறகு டேப் சொன்னது சரியாயிற்று.

இன்று சாக்கு எதுவும் கிடையாது. புது டேப் வந்துவிட்டது. அப்பாராவ் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் புது ஆள் உட்கார்ந்திருப்பார். சு. சார் அவர் பக்கத்திலேயே நிற்பார்.

ஆணையை இன்னொரு தரம் படித்தேன். தொடக்க அறிவிப்பு அறிவிப்பாளருடையது. எவ்வளவு நீளம் என்று எங்கும் எழுதவில்லை.

கார்டுகளை வாசிக்கும் வரிசையில் அடுக்கி வைத்தாகிவிட்டது. வேலாயுதத்தினுடையது மேலே. நாலு மணி. கிளம்புகிறேன்.