பின்வாசல் மணி

மினசோட்டா
மார்ச் 3

அன்பு மகன் லெய்ஃபுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன், நீ அந்த அலாஸ்கா குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை, பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான் வருகிறது. மாடி ஏற முடியாதென்று கீழேயே கட்டில் போட்டிருக்கிறேன், சுவருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான் முடி வெட்டுகிற அறை. நீ பிறந்த வருஷம் அவர் கையாலேயே கட்டிக் கொடுத்த அறைதான்.

தொழில் ஓடுகிறதா என்று போனில் கேட்டாய், ஓடுகிறது என்றேன், அப்பா பக்கத்தில் இருந்தார் அதனால் அப்படிச் சொன்னேன். உண்மையில் யாரும் வருவதில்லை. கோபம் என்றாலாவது போய்ச் சண்டை போட்டுச் சரிசெய்யலாம், இது எல்லாம் நல்ல மனசு. நோயாளி இருக்கிற வீடு, தொந்தரவு செய்யக் கூடாதாம். முடி வெட்ட வர வேண்டியவர்கள் எல்லாம் கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட சட்டியைக் கொண்டுவந்து முன்வாசலில் வைத்துவிட்டு, மணிகூட அடிக்காமல் போகிறார்கள். ஃப்ரீசரில் இடமில்லை, நாற்காலியில் ஆளில்லை. தனிக் கடையாக இருந்தால் கதவில் 'ஓப்பன்' அட்டையைத் திருப்பி மாட்டினால் போதும், ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் நடத்துகிற கடைக்கு அந்த வசதி கிடையாது, வீட்டுக்குக் கஷ்டம் வந்தால் கடையையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். நான் வேலை செய்தால்தான் ஹீட்டருக்கு எண்ணெய் என்பது யாருக்கும் தோன்றவில்லை, வாய் திறந்து கேட்கலாமென்றால் பிச்சை கேட்கிற மாதிரி கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் இனெஸ் வீட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தாள், அதுகூட நனையாமல் கழுவி எடுத்துப் போனேன். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் முதல் ஆள் அவள்தானே. கதவைத் திறந்தவள் தலையில் துணி கட்டியிருந்தாள், வீட்டுக்குள் எதற்குத் துணி? காபி ஊற்றத் திரும்பினாள், துணி நழுவியது, பின்கழுத்தில் முடிவெட்டு ஒரே கோணல். டவுனில் யாரிடமோ வெட்டியிருக்கிறாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள், "உனக்கு இருக்கிற கஷ்டத்துல நான் வேற வந்து தலையக் குடுத்துட்டு உக்காரணுமாடி ஆர்டிஸ், எனக்கு மனசு வரலடி" என்று கண் கலங்கினாள். நாளைக்கே வாடி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "அதனால என்ன, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

பணக் கஷ்டத்தோடு போனால்கூடப் பரவாயில்லை மகனே. அப்பாவுக்கு முடி வெட்ட வருகிற பெண்கள் பேச்சு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதைச் சுவரில் வைத்திருப்பார், "உங்க ரேடியோவ நிறுத்திராதீங்கம்மா" என்று கேலி பேசுவார். இப்போது விடிந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு "யாரு?" என்கிறார், அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வருகிறது. யாருமில்லை என்று சொன்னால் அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. தன்னால்தான் யாரும் வருவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கு அதுதான் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. வாடிக்கைக்காரர்கள் அடிக்கிற பின்வாசல் மணியை நானே அடித்துவிட்டு, "வா இனெஸ், உக்காரு" என்று சத்தமாகச் சொல்லி, காலி நாற்காலியின் மேல் டிரையரை ஓடவிட்டேன். அவள் குரலில் அவள் மருமகளைத் திட்டினேன், போதகர் வீட்டு நாயையும் திட்டினேன், அவளைப் போலவே சிரித்தும் வைத்தேன். பிறகு சூப் கொண்டுபோனால் கிண்ணம் முழுக்கக் குடித்தார். வாயைத் துடைத்துவிடும்போது இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு, "இனெஸ்... இப்படி... சிரிக்க மாட்டா" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் காலை அவரே சுவரைக் காட்டி "மணி" என்றார். போய் அடித்தேன். அன்றிலிருந்து தினமும் அடிக்கிறேன், அவரும் சாப்பிடுகிறார்.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாயே, பணம் எதுவும் அனுப்பாதே, தின்பதற்கு ஒன்றும் வாங்கி வராதே. அங்கே முடி மட்டும் வெட்டிக்கொள்ளாதே, மீன்பிடிப் படகில் உன்னோடு வேலை செய்கிற பையன்கள் கேலி செய்தாலும் பரவாயில்லை, எவ்வளவு வளர்ந்தாலும் அப்படியே வா. கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும், அப்பா ஆசீர்வாதமும் இதோடு சேர்ந்தே வருகிறது. இன்னொன்று, முன்வாசல் சாவி உன்னிடம் இருக்கிறதென்று அந்த வழியாக நுழைந்துவிடாதே. பின்வாசலுக்கு வந்து மணி அடி. நான் உடனே வந்து திறக்க மாட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். முதலில் அப்பா யாரென்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
ஆர்டிஸ்