பித்தளை போல்ட்

கொச்சி, 12.8.2006

மாடத்திக்கு, நான் சுகம். உனக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

இங்கே ஒரு பழைய பாய்மரப் படகில், கயிறு கட்டும் கொண்டிகள் தேய்ந்துவிட்டதால் மாற்றுகிறோம். எவர்சில்வர் போல்ட் கொடுத்தார்கள். அதுவும் இரும்புதானே! பட்டாசு அறைக்குள் நாற்பது வருஷம் இரும்பை விடாதவன் நான், பித்தளை போட்டேன். நேற்றைய காற்றில் போல்ட் முறிந்து கொண்டி பறந்தது. யாருக்கும் அடியில்லை.

தூத்துக்குடி மேஸ்திரி சிரிக்கிறான். "பெரியவரே, இங்கன எதுவும் வெடிக்காது. இரும்பைத் தொடமாட்டீகன்னா ஊருக்குப் போங்க."

நம் பிள்ளை முனியராஜைக் கொண்டுபோனது யாரோ உள்ளே கொண்டுவந்த இரும்புச் சுத்தியலில் பறந்த பொறி. மேஸ்திரிக்கு அது தெரியாது. இந்த வேலையும் போனால் வேறு போக்கில்லை.

பெட்டியிலிருக்கும் பிள்ளையின் சட்டைகளில் ஒன்றை அனுப்பு. கையில் சுற்றிக்கொண்டு இரும்பு ஸ்பேனரைப் பிடித்துப் பார்க்கிறேன். தபால்காரர் நிற்கிறார்.

கோட்டைச்சாமி