நினைவு மலரில் வராத கிறேன்

உன்னுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என் மேசையில் கிடக்கிறது. அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. மூன்று தரம் வாசித்துவிட்டேன். மூன்றாம் தரம் அதை மேசையில் அறைந்து வைத்தேன். துக்கத்தால் அல்ல, கோபத்தால். "ஒரு காலை இழந்தும் பிறர் தயவால் மனந்தளராது வாழ்ந்தவர்" என்று எழுதியிருக்கிறார்கள். பிறர் தயவாம். இருபது வருடம் உன்னோடு ஒரே கராஜில் வேலை செய்த எனக்கு அந்தத் தயவாளர் யாரென்று தெரியவில்லை.

மருதனார்மடத்துக்குக் கிட்ட நாம் இருவரும் அந்தக் கராஜைத் தொடங்கியபோதே உனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி கொண்டுபோனது. பொய்க்காலோடு உழவு இயந்திரத்தின் கீழே படுத்து எல்லா வேலையும் செய்வாய். எஞ்சின் தூக்கும்போது மட்டும் உன்னை விலக்கிவிடுவோம். தடியில் கயிறு கட்டி நாலு பேர் தூக்குவது அந்த நாள் வழக்கம். "நீ உதிலை இருந்து சொல்லு மச்சான்" என்று நானும்தான் சொன்னேன். ஒரு நாள் கயிறு வழுக்கி, எஞ்சின் என் இடது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் நசிந்தன. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நீ சொன்னது ஒரே ஒரு வசனம்.

"இனி ஒருத்தரும் கையாலை தூக்கிறேல்லை."

இடித்த அரிசி ஆலை ஒன்றின் இரும்பு உத்தரத்தைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தாய். தடித்த குழாய்களை வெட்டி, ஏணியை விரித்து வைத்ததுபோல இரண்டு பக்கமும் கால்கள் ஒட்டினாய். கால்களுக்குக் கீழே உருட்டிப் போகச் சில்லு, மேலே உத்தரம், உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் புளொக். அதுதான் உன் கிறேன். தேவைப்பட்டால் கழற்றிக் கொண்டுபோகலாம் என்று மூட்டுகளுக்கெல்லாம் போல்ட் போட்டாய். றோட்டால் போனவர்கள் நின்று சிரித்தார்கள். "ஒற்றைக்காலன் நாலு கால் செய்யிறான்" என்றார் ஒருவர். நினைவு மலரில் உனக்கு அஞ்சலிக் கவிதை எழுதியிருப்பவர் அவர்தான்.

பூட்டி முடிந்ததும் எனக்கு அவசரம். புத்தூரிலிருந்து ஒரு கமக்காரர் வெங்காயம் நடப்போவதாகச் சொல்லி, தன் உழவு இயந்திரத்துக்காகத் தினமும் வந்து நின்றார். நீயோ எஞ்சினைத் தொட விடவில்லை. நாலு பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி, ஒரு தட்டில் ஏற்றித் தூக்கினாய். உத்தரம் நடுவில் இரண்டு விரல் அளவு பதிந்தது. கால்கள் கொஞ்சம் அகன்றன. ஆனால் விழவில்லை. பாரத்தை இறக்கிவிட்டு, உத்தரத்தின் மேல் விளிம்பில் நூல் பிடித்துப் பார்த்தாய். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு தீக்குச்சி போகும் இடைவெளி இருந்தது.

"தாங்கீட்டுதுதானே, விடு" என்றேன்.

"தாங்கினது காணாது. பாரம் இறங்கினாப் பிறகு திரும்பி நேரா வரோணும். வரேல்லை."

"இனி எத்தினை நாள் மினக்கெடப் போறாய்? அந்த மனிசன் நாளைக்கும் வந்து நிக்கப்போறார்."

"நிக்கட்டும். நசிஞ்சது உன்ரை விரல். நீயே இப்பிடிக் கதைக்கிறாய்."

நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன். நாலு நாள் கராஜ் பக்கம் வரவில்லை. அந்த நாலு நாளும் நீ தனியாக நின்று, உத்தரத்தைக் கழற்றிப் புரட்டிப் போட்டு அதன் நீளத்துக்குத் தகடு ஒட்டினாய். மூலைகளில் முக்கோணத் தகடுகள், உத்தரத்துக்குச் சாய்வாக முட்டுக் குழாய்கள், கால்கள் அகலாதபடி அடியில் குறுக்குக் குழாய்கள். ஐந்தாம் நாள் நான் வந்தபோது பீப்பாய்களை ஏற்றி இறக்கி, நூலைப் பிடித்துக் காட்டினாய். இடைவெளி இல்லை.

அடுத்த மாரியில் அதே கமக்காரர் வயல் வரம்பில் உழவு இயந்திரத்தோடு புரண்டுவிட்டார் என்று தகவல் வந்தது. கிறேனைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். அவருடைய தொடையில் மட்கார்ட் ஏறி நின்றது. பத்துப் பேர் தென்னங்குற்றியால் நெம்பத் தயாராக நின்றார்கள். நீ லொறியிலிருந்தே கத்தினாய்.

"ஒருத்தரும் உதிலை கை வைக்காதேங்கோ. இந்தப் பக்கம் எழும்பினா அந்தப் பக்கம் அவரிலை இறங்கும்."

சிவப்பு மண்ணில் சில்லுகள் புதையாமல் பலகை வைத்தாய். போல்ட்டுகளை நாம் பூட்ட, ஒவ்வொன்றையும் நீ தட்டிப் பார்த்தாய். சங்கிலியை நீயே இழுத்தாய். நாலு அங்குலம்தான் தூக்கினாய். அது போதுமாக இருந்தது. அவரை இழுத்தெடுத்தார்கள். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் இரண்டு காலோடும் நடந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். உத்தரத்தை முதலில் இருந்தபடியே விட்டிருந்தால் அது அவர்மேல்தான் விழுந்திருக்கும். அப்படியே விடச் சொன்னவன் நான்.

மாரடைப்பு உன்னை ஒரு மத்தியானத்தில் கொண்டுபோனது. நினைவு மலருக்கு உன் அண்ணை என்னிடம் ஒரு வரி கேட்கவில்லை. மலரை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, கிறேனைப் பற்றி ஒரு சொல் இல்லையே. பிறர் தயவெண்டு ஆர் எழுதினது?"

"கால் இல்லாத பிள்ளைதானே தம்பி. ஊரிலை எல்லாரும் பாவமெண்டுதானே சொல்லுகினம்."

"அவன்ரை தயவிலை ஒரு மனிசன் நடந்து திரியிறான், அண்ணை."

"இனி என்ன செய்யிறது? அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்தாச்சு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. நல்ல மனிதர்கள் சேர்ந்து, இரக்கப்பட்டு, உன்னை இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆனால் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கோபம் நேர்மையாகாது. அன்று புத்தூரில், கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம், "ஆர் செய்த கிறேன் இது?" என்று கேட்டார். "நாங்கள்தான்" என்றேன். நீ இரண்டடி தள்ளி நின்று சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தாய். உனக்குக் கேட்டது. நீ சங்கிலியைத் தூக்கி லொறியில் போட்டாய். அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஒரே கராஜில் நின்றும் நான் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. உன் வேலையை உன்னிடமிருந்து எடுத்த முதல் ஆள் உன் அண்ணையும் இல்லை, கவிதைக்காரரும் இல்லை.

அந்த வெட்கம் என்னோடுதான் இருக்கிறது. அது போகவும் வேண்டாம். நேற்று உடுவிலிலிருந்து வந்த ஒருவர் கிறேனை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்ததெண்டு கேள்விப்பட்டனான்" என்றார்.

"இல்லை" என்றேன். "அவன் தனியத்தான் செய்தவன். நான் அந்த நேரம் கோவிச்சுக்கொண்டு வீட்டிலை இருந்தனான்."